ஊர்க்காற்று மருந்தல்ல!

நமது சங்கத்தின் வரவு செலவு நோட்டில், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரே பெயருக்கு எதிரே இரண்டு முறை "ரயில் கட்டண உதவி" என்று எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவது முறை, அதே பெயருக்கு எதிரே "ஈமச்செலவு, குடும்ப நிதி" என்று எழுதியிருக்கிறோம். இந்த மூன்று வரிகளைப் பற்றித்தான் இந்த மாதம் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இதில் குற்றவாளிகளைத் தேடிக்கொண்டு போனால், ஒரு விரல் நம்மை நோக்கியும் நீள்கிறது.

அவர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை இறக்கியவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இருபது வயதில் மும்பைக்கு வந்தவர். நாற்பத்து நான்கு வயதில் மாடிப்படி ஏற முடியாமல் போனவர். பெயரை எழுதவில்லை. பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள். அவர்களுக்கு அது வேண்டாம் என்று அவருடைய மனைவி கேட்டுக்கொண்டார்.

முதலில் இருமல். பிறகு விடியற்காலையில் இழுப்பு. முக்காதம் சொன்னான், "பீடியை விடு, சரியாகும்" என்று. அவர் பீடியே குடித்ததில்லை. கல்லியில் இருக்கும் டாக்டர் ஊசி போட்டார். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் மறுபடியும் ஊசி. இன்னொரு இடத்தில் எக்ஸ்ரேயில் "நிழல் தெரிகிறது" என்று சொல்லி, சளியைக் கூடச் சோதிக்காமல் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சில மாதம் தின்றார். மூச்சு அப்படியே இருந்தது. கடைசியில் சங்கத்துக்கு வந்தார். நாம் என்ன செய்தோம்? "ஊர்க்காற்று பட்டால் தேறிவிடுவீர்கள் அண்ணாச்சி" என்று சொல்லி, டிக்கெட் எடுத்து, நாகர்கோவில் வண்டியில் ஏற்றி, வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அவர் தேறினார். அதுதான் இந்தக் கதையிலேயே நாம் கவனித்திருக்க வேண்டிய இடம். ஒரு மாதத்தில் இழுப்பு குறைந்தது. இரவில் படுத்துத் தூங்கினார். கடன் இருந்தது, திரும்பி வந்தார். மூட்டை தூக்கிய மூன்றாம் நாள் மறுபடி இழுப்பு. மறுபடி டிக்கெட். இரண்டாவது தடவை ஊருக்குப் போனவர் ஒரு நள்ளிரவில், ஆஸ்பத்திரி தூரம் என்பதால், வண்டி வருவதற்குள் போய்விட்டார். இருபத்து நான்கு ஆண்டுக் காலத்தில் ஒருவர்கூட அவர் கையில் ஒரு குழாயைக் கொடுத்து "ஊதுங்கள், பார்ப்போம்" என்று சொல்லவில்லை. அவருக்கு வந்தது என்ன நோய் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நமது குற்றச்சாட்டு.

ஊர்க்காற்றின் பொய்யும் மெய்யும்

"ஊருக்குப் போனால் சரியாகிவிடுகிறது, இங்கே வந்தால் வருகிறது" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அதைக் கேட்டவுடன் நாம் ஊர்க்காற்றின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுகிறோம். வேப்பமரக் காற்று, தாமிரபரணித் தண்ணீர் என்று மயங்குகிறோம். ஆனால், நெஞ்சுநோய் தெரிந்த டாக்டர் அதே வாக்கியத்தைக் கேட்டால் வேறொரு கேள்வி கேட்பார்: "என்ன வேலை செய்கிறாய்? லீவு நாளில் எப்படி இருக்கிறது? வேலைக்குத் திரும்பிய முதல் நாள் எப்படி இருக்கிறது?" வேலையிலிருந்து விலகினால் குறைவதும், வேலைக்குத் திரும்பினால் கூடுவதும், வேலைத்தலத் தூசியாலும் புகையாலும் வரும் ஆஸ்துமாவின் முக்கிய அடையாளம். நமது தோழரைக் காப்பாற்றியது வேப்பமரம் அன்று. சிமெண்ட் தூசி இல்லாமல் இருந்த முப்பது நாட்கள். நோய் தன் பெயரைத் தானே சொல்லிற்று. நாம் அதற்குக் காது கொடுக்காமல் டிக்கெட் கொடுத்தோம்.

மும்பைத் தொழிலாளிக்கு இது புதிய பாடமும் அன்று. இந்நகரின் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில், வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்தவுடன் நெஞ்சு இறுகும் நோய் ஒன்று இருந்தது. பருத்தித் தூசியால் வரும் அந்த நோய்க்குப் பிஸ்ஸினோசிஸ் என்று பெயர். திங்கட்கிழமையன்று கூடுதல், விடுமுறையில் குறைவு. ஆண்டுகள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமைதான். 1982 ஜனவரியில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. புகைபோக்கி நின்ற இடத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. தூசி மட்டும் போகவில்லை. அது பஞ்சிலிருந்து சிமெண்டுக்கும், மணலுக்கும், மார்பிள் அறுக்கும் மெஷினுக்கும் மாறிற்று.

ஊருக்கு அனுப்புவதால் யாருக்கு லாபம் என்று யோசித்தீர்களா? முக்காதத்துக்கு லாபம், நோயாளி கண்ணில் படமாட்டான். ஒப்பந்தக்காரனுக்கு லாபம், நஷ்டஈடு கேட்க ஆள் இல்லை. நகரத்துக்கு லாபம், அதன் சாவுக் கணக்கில் ஒரு எண் குறைகிறது. இருபத்து நான்கு ஆண்டு இந்த நகரத்துக்காக மூச்சு வாங்கியவன், கடைசி மூச்சை மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால் போய் விடுகிறான். வாக்கரிசி போடுகிற ஊர்க்காரர்களுக்கு அவன் எந்தத் தூசியைத் தின்றான் என்று தெரியாது. தூசியைத் தின்ன வைத்தவர்களுக்கு அவன் செத்ததே தெரியாது.

மூன்று நோய், ஒரே இருமல்

நமது கல்லிகளில் நெஞ்சில் வருவதற்கெல்லாம் ஏதோ ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். சளி என்கிறோம், வீசிங் என்கிறோம், இழுப்பு என்கிறோம். மராட்டி அண்டை வீட்டார் தமா என்கிறார்கள். பெயர் எதுவானாலும், பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது ஆஸ்துமா. இது வந்து வந்து போகும். நள்ளிரவிலும் விடியலிலும் அதிகம். நெஞ்சில் விசில் அடித்தாற்போல் சத்தம், இறுக்கம், இருமல். தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், ஓட்டம், சிரிப்பு கூட இதைக் கிளப்பிவிடும். நோய் இல்லாத நாளில் ஆள் முழு ஆரோக்கியமாக இருப்பார். குழந்தையிலும் வரும், நாற்பதிலும் வரும். சத்தமே இல்லாமல், இரவு இருமல் மட்டுமாகவும் வரும். இது தொற்றுநோய் அன்று; ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

இரண்டாவது, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சி.ஓ.பி.டி. என்று டாக்டர் சீட்டில் எழுதுவார்கள். இது போய்வருவதில்லை, வந்தால் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு கூடும். முதலில் மூட்டையோடு ஏறும்போது, பிறகு வெறுங்கையோடு ஏறும்போது, கடைசியில் சட்டை மாட்டும்போதே மூச்சு வாங்கும். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல் தெரியும். பீடி சிகரெட் இதற்குப் பெரிய காரணம்; ஆனால் ஒரே காரணம் இல்லை. விறகும் வறட்டியும் ஊதி ஊதிச் சமைத்த நம் தாய்மார்கள் ஒரு பீடிகூடப் பிடிக்காமல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். முன்பு காசநோய் வந்து குணமானவர்களுக்கும், பல்லாண்டு தூசியில் உழைத்தவர்களுக்கும் இது வருகிறது. அம்மாவுக்கு வயசாகிவிட்டது, அதனால் இளைக்கிறது என்று நாம் விட்டுவிடுகிறோம். வயசுக்கு மூச்சு இளைக்காது அன்பர்களே, நோய்க்குத்தான் இளைக்கும்.

மூன்றாவது காசநோய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் ரத்தம் என்றால் அன்றே சளிச்சோதனைக்குப் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மருந்தும் இலவசம். சிவ்ரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய பயத்தில் ஒளிந்துகொள்ளாதீர்கள். சளியில் கிருமி தெரியாமலும் சிலருக்குக் காசநோய் இருப்பதுண்டு. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் சளியை எடுத்துப் பார்க்காமலேயே மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால், "எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இது ஏதோ நாலு பேருக்கு வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வெளியான கணக்கின்படி, 2016-இல் இந்தியாவில் அடைப்பு நோய் உள்ளவர்கள் 5.53 கோடி, ஆஸ்துமா உள்ளவர்கள் 3.79 கோடி. உலக மக்களில் நாம் நூற்றுக்கு 18. ஆனால் நாட்பட்ட மூச்சுநோயால் உலகம் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாளில் நம் பங்கு நூற்றுக்கு 32. நோய் உலகத்துக்கெல்லாம் பொது. நோயால் நாசமாவது மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு அதிகம்?

ஊதிப் பார்க்காத வைத்தியம்

காரணம் எளிது. கண்டுபிடிப்பதில்லை, கண்டுபிடித்தாலும் சரியான மருந்தைக் கொடுப்பதில்லை.

ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கையில் பட்டை கட்டுகிறார்கள். சர்க்கரைக்கு விரலில் குத்துகிறார்கள். மூச்சுக்கு என்ன செய்கிறார்கள்? ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் இரண்டு இடத்தில் வைத்துவிட்டு ஊசிக் குழலைத் தேடுகிறார்கள். மூச்சை அளக்க ஒரு கருவி இருக்கிறது. அதற்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயில் வேகமாக, கடைசிச் சொட்டு வரை ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளிவந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று கருவி சொல்லும். பிறகு மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை இழுக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதலில் அடைப்புக் காட்டி, மருந்துக்குப் பின் ஊதும் அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமாவின் பக்கம் சாய்கிறது. மருந்துக்குப் பிறகும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் நூற்றுக்கு 70-க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட அடைப்பு. ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. அரை மணி நேரத்துக்குள் முடிகிற காரியம்.

ஒன்றை மறக்கக் கூடாது. ஆஸ்துமா வந்து போகும் நோய் என்பதால், நன்றாக இருக்கும் நாளில் ஊதினால் சோதனை சரியாகவே காட்டலாம். "ஒன்றுமில்லை" என்று அனுப்பினால் அத்தோடு விடக்கூடாது. அதற்குத்தான் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாய் இருக்கிறது; மின்சாரம் வேண்டாம், பையில் வைத்துக்கொள்ளலாம். காலையும் மாலையும், வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் இரண்டு மூன்று வாரம் ஊதி நோட்டில் எழுதினால், வேலைக்கும் நோய்க்கும் உள்ள உறவு எண்களாக எழுந்து நிற்கும். அந்த நோட்டு டாக்டருக்கும் சாட்சி, நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போதும் சாட்சி. நமது தோழருக்கு டிக்கெட் எடுத்த பணத்தில் இந்தக் குழாயை வாங்கிக் கொடுத்திருக்கலாமே! நமக்கு அன்று அது தெரியவில்லை. இனித் தெரியாது என்று சொல்ல முடியாது.

பம்பைக் கண்டு பயம், ஊசியைக் கண்டு பக்தி

இனி மருந்துக்கு வருவோம். இன்ஹேலரை நம் மக்கள் பம்பு என்கிறார்கள். "பம்பு வைத்தால் பழகிவிடும்", "கடைசி நிலையில்தான் பம்பு", "பெண்ணுக்குப் பம்பு என்றால் யார் கட்டிக்கொள்வார்கள்" — இவை மூன்றும் மூன்று கத்திகள். ஒரு வீட்டில் பதினாறு வயதுப் பெண் பம்பைக் கக்கூஸுக்குள் ஒளிந்து இழுக்கிறாள். இன்னொரு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் அதை அரிசி டப்பாவில் புதைக்கிறார்கள். மூக்குக்கண்ணாடி போடுகிற பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கவில்லையா?

கணக்கைப் பாருங்கள். சால்புட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைத்து நெஞ்சுக்கு வருகிறது. பம்பு மருந்து நேராக நெஞ்சுக்குப் போகிறது. இந்தப் பம்பு 1969-இல் வந்தது. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு பம்பு 1972-இல் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அது இன்னும் நமது கல்லிக்கு வந்து சேரவில்லை. ஊசி மட்டும் வந்திருக்கிறது.

அந்த ஊசியிலும், பொட்டலத்தில் மடித்துத் தரும் பெயர் தெரியாத மாத்திரையிலும் பல நேரம் இருப்பது என்ன? அதே ஸ்டீராய்டுதான், ஆனால் பல மடங்கு. கடும் இழுப்பு வந்தபோது டாக்டர் கணக்காகச் சில நாட்களுக்குக் கொடுப்பது உயிர்காக்கும். அதைக் குறை சொல்லவில்லை. மாதம் மாதம் அதையே கொடுத்தால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும், கண்ணில் புரை விழும், முகம் ஊதும். "டாக்டர் கைராசிக்காரர், ஒரே ஊசியில் நின்றது" என்று பக்தியோடு சொல்லும் நாம், பம்பை மட்டும் "ஸ்டீராய்டு, ஆபத்து" என்று ஒதுக்குகிறோம். இதைவிடத் தலைகீழான புத்தி உண்டா? தொடர்ந்து அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு உடனடியாக மூச்சுக்குழலை விரிக்கும் பம்பு மட்டும் போதாது. அது தீயை விட்டுவிட்டுப் புகையை விசிறுவது. ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு 2019 முதல், விரிக்கும் பம்பை மட்டும் நம்பி யாரும் இருக்கக் கூடாது, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இழுமருந்தும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவருகிறது. நன்றாக இருக்கும் நாளிலும் டாக்டர் சொன்னபடி இழுக்க வேண்டும். இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இழுக்கும் விதமும் கற்க வேண்டும். பம்பைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போது அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பொடிக் குப்பி போட்டு இழுக்கும் கருவி என்றால் வேகமாக இழுக்க வேண்டும். குப்பியை மாத்திரை என்று விழுங்கியவர்களும் நம்மில் உண்டு. சிரிப்பதற்கில்லை, சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் யாருக்கும் இல்லாமல் போனதுதான் காரணம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பம்போடு ஸ்பேசர் என்ற உருளை வேண்டும். அது கிடைக்காவிட்டால், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பு இறுக்கமாகப் பொருந்தும்படி துளையிட்டுச் செய்ததும் குழந்தைகளுக்கு ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்று தென்னாப்பிரிக்க டாக்டர்கள் 1999-இல் காட்டியிருக்கிறார்கள். பாட்டில் பொறுக்கும் நகரத்தில் வாழும் நமக்குப் பாட்டிலுக்கா பஞ்சம்?

ஜூன் மாதம் வந்தால் ஹைதராபாத்துக்கு உயிர்மீன் விழுங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிருகசீரிஷ நாளில் அங்கே லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். அதனால் ஆஸ்துமா தீரும் என்பதற்கு மருத்துவ நிரூபணம் இல்லை. ரயில் செலவு, இரண்டு நாள் கூலி, கூட்டத்தில் நசுங்கும் மூச்சு. இவ்வளவும் கொடுத்து வாங்குவது ஒரு மீன். நம்பிக்கையை நாங்கள் தடுக்க முடியாது. ஆனால் மீனை நம்பிப் பம்பை நிறுத்தாதீர்கள்.

நள்ளிரவில் இழுத்தால்

ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது இது. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, கழுத்தும் விலா இடுக்கும் உள்வாங்குகிறது, ஆள் மயங்குகிறார், அல்லது விசில் சத்தம் திடீரென்று நின்றும் திணறல் நிற்கவில்லை என்றால் அது உயிராபத்து. படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். சுற்றிக் கூட்டம் வேண்டாம். விரிக்கும் பம்பை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு அழுத்தாக, நிதானமாக நான்கு முறை கொடுங்கள். அதே நேரத்தில் 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். போகும் வழியிலும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முதல் ஒரு மணி நேரம் வரை திரும்பக் கொடுக்கலாம். "விடியட்டும், பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள்.

யாருடைய தூசி?

இதுவரை நம் வீட்டுக் குறையைச் சொன்னோம். இனி மற்றவர் கணக்கு.

நாங்கள் கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதுகிற குமாஸ்தாக்கள். ஒரு வேகன் குறிப்பிட்ட நேரத்துக்குள் காலியாகாவிட்டால் மணிக்கணக்கில் டெமரேஜ் போடுகிறோம். வேகன் சும்மா நின்றால் நஷ்டம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, ரேட் இருக்கிறது, ரசீது இருக்கிறது. அந்த டெமரேஜுக்குப் பயந்துதான் ஒப்பந்தக்காரன் ஆட்களை விரட்டுகிறான். 50 கிலோ மூட்டைகள் கிழிந்து, தூசி மேகமாக எழும்ப, தலையில் துண்டு கட்டியவர்கள் ஓடுகிறார்கள். துண்டு நுண்தூசியைத் தடுக்காது. ஷெட்டில் நிற்கும் எங்களுக்கு ரயில்வே மருத்துவ அட்டை இருக்கிறது. ஓடுகிறவருக்கு மஸ்டர் ரோலில் பெயர்கூட இல்லை. ஒரே தூசியில் நின்று, ஒருவருக்கு ஆஸ்பத்திரி, ஒருவருக்கு ஊர்க்காற்று. ஒரு மனிதனின் நெஞ்சு நின்றுபோனால் டெமரேஜ் யார் கட்டுவது?

கல்தூசி நோய், ஆஸ்பெஸ்டாஸ் நோய், பருத்தித் தூசி நோய் ஆகியவை தொழில்நோய்களாகச் சட்டத்தின் அட்டவணையில் ஏறிப் பல காலம் ஆயிற்று. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில்நோய் அட்டவணை உண்டு. 1995-இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வேலை தொடங்கிய நாளிலிருந்து 40 ஆண்டுகளாவது அவர்களுடைய உடல்நலக் குறிப்பைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுக் குறிப்பு! நமது தோழருக்கு நாற்பது நாள் குறிப்புகூட இல்லை. அட்டவணையில் நோய் இருக்கிறது. சீட்டில் நோயின் பெயர் இருந்தால்தானே அட்டவணை பேசும்? சீட்டில் "வீசிங்" என்று எழுதி ஊருக்கு அனுப்பினால் எந்தச் சட்டம் வந்து நிற்கும்?

இந்த நகரம் தன் புகையை எங்கே கொட்டுகிறது என்று பாருங்கள். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், தமிழர் பலர் வாழ்ந்த ஜனதா காலனியை இடித்து டிராம்பேயின் சீத்தா கேம்பில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தப் பக்கத்தில்தான் தேவ்னார் குப்பைமேடு. 2016 ஜனவரியில் அது நாள்கணக்கில் எரிந்தபோது புகை நகரத்தையே மூடிற்று. தண்ணீர்க் குழாய்ப் பாதையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏழைகளைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் மாகுலில் குடிவைத்தார்கள். அந்தக் காற்று உடல்நலத்துக்கு ஆபத்து என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. யாரையும் அங்கே கட்டாயமாக அனுப்பக் கூடாது என்று 2019-இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. பிஎம் 2.5 என்ற நுண்தூசி ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். நமது அரசு 2009-இல் வகுத்த வரம்போ 40. நமது நுரையீரல் எட்டு மடங்கு கெட்டியா?

இங்கே ஓர் எச்சரிக்கை. புகை என்றவுடன் பக்கத்துக் கல்லியில் சூளை வைத்திருப்பவன்மேல் பாய்வது சுலபம். தாராவியில் சூளைப் புகையை முதலில் இழுப்பது அந்தக் குயவரின் பிள்ளைதான். குஜராத்தி, மராட்டி, பீகாரி, தமிழன் என்று நெஞ்சு பார்த்துத் தூசி போவதில்லை. சேர்ந்து கேட்க வேண்டியவர்களோடு சண்டை போட்டால் ஒப்பந்தக்காரன் சிரிப்பான்.

நம் கையில் இருப்பதையும் செய்வோம். பீடி, சிகரெட்டை வீட்டுக்குள் மட்டுமல்ல, அடியோடு விடுவோம். அடைத்த அறையில் கொசுவத்திச் சுருள் வேண்டாம், ஒரு சுருள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்தூசி கக்குகிறது என்று சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003 ஆய்வு காட்டிற்று, வலை கட்டுங்கள். விறகில் சமைக்கும் வீடுகளுக்கு எரிவாயு கேட்போம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில், புலம்பெயர்ந்தோர் ரேஷன் கார்டும் முகவரிச் சான்றும் இல்லாவிட்டாலும் சொந்த உறுதிமொழி கொடுக்கலாம் என்று விதி செய்தார்கள்.

சங்கத்துக்கு இதுவா வேலை?

சிலர் கேட்கிறார்கள்: "சங்கம் கூலிக்காகப் போராடட்டும், பம்பைப் பற்றி டாக்டர் பேசட்டும்" என்று. மூச்சு இல்லாதவனுக்குக் கூலி எங்கிருந்து வரும்? இன்னும் சிலர், "ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது" என்கிறார்கள். அது நியாயமான பேச்சு. அதனால்தான் ஊதும் சோதனை காலையில் மட்டும் நடப்பது தொழிலாளிக்கு உதவாது என்கிறோம்.

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு மாநகராட்சி மருந்தகத்திலும் ஞாயிற்றுக்கிழமையோ மாலை நேரமோ ஊதும் சோதனை வேண்டும். விரிக்கும் பம்பும் ஸ்டீராய்டு பம்பும் "ஸ்டாக் இல்லை" என்ற பதில் இல்லாமல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். இவை நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. சிமெண்ட் இறக்கும் இடங்களில் மஸ்டர் ரோலில் பெயர், நுண்தூசி தடுக்கும் முகமூடி, ஆண்டுக்கொருமுறை மூச்சுச் சோதனை வேண்டும். 2023 அக்டோபரில் மாநகராட்சி கட்டட வேலைகளுக்கு வகுத்த தூசி விதிகள், 35 அடித் தகர வேலிக்கு வெளியே இருப்பவர்களை மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களையும் காக்க வேண்டும்.

சங்கமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இனி மூச்சுத் திணறி வரும் எவருக்கும் முதல் உதவி டிக்கெட் அன்று. முதலில் சளிச்சோதனை, ஊதும் சோதனை. கூட ஒரு ஆள், அன்றைய அரைநாள் கூலி நமது நிதியிலிருந்து. சங்க அலுவலகத்தில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் ஒரு பதிவு நோட்டும் இருக்கும். பெயர், வேலை, எத்தனை ஆண்டு, என்ன தூசி, ஊதிய அளவு, டாக்டர் எழுதிய நோயின் பெயர் எல்லாம் அதில் ஏறும். அதற்குப் பிறகும் ஊருக்குப் போக விரும்பினால் தாராளமாகப் போகட்டும். சோதனைச் சீட்டும், இரண்டு மாதத்துக்கான பம்பும் கையில் இருக்க வேண்டும்.

ஊர் நமக்குத் திருவிழாவுக்கு வேண்டும், கல்யாணத்துக்கு வேண்டும், தாய் தகப்பனைப் பார்க்க வேண்டும். சாவதற்காக மட்டும் நாம் ஊருக்குப் போக வேண்டாம். உழைத்த இடத்திலேயே மூச்சைக் கேட்டு வாங்குவோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, இருமுகிற அண்ணனையும் இளைக்கிற அம்மாவையும் கூட்டிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். நோட்டின் முதல் பக்கம் காலியாக இருக்கிறது.